படகு வந்தது, சட்டம் வரவில்லை

(நார்வே நாட்டின் வடகோடியிலுள்ள மீன்பிடித் தீவு ஒன்றுக்குச் சென்று திரும்பிய நம் குழுவினர், மூணாறில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாரத்தில் இந்த ஒருநாள்தான் துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் நமக்குக் கிடைக்கிறது. அதையும் ஒதுக்கி வைத்துவிட்டு, குண்டளையிலிருந்தும் பெரியவாரையிலிருந்தும் தலையாற்றிலிருந்தும் ஜீப் பிடித்து வந்திருக்கிறீர்கள். எனவே ஊர் சுற்றிப் பார்த்த கதையைச் சொல்லி உங்கள் பொழுதைப் போக்க மாட்டோம்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறோம். கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர், தேயிலைத் தொழிற்சாலைத் தோழர் ஒருவர், ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் என நால்வர் போனோம். சங்கத்தின் சந்தாப் பணத்தில் ஒரு ரூபாயும் தொடவில்லை. நார்வேயில் வாழும் ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் அழைத்தன. டிக்கெட்டும் அவர்கள் எடுத்தார்கள், தங்கியதும் அவர்கள் வீட்டில், உண்டதும் அவர்கள் சோறு.

"மலையில் கிடக்கிற நமக்குக் கடலில் என்ன வேலை? சம்பளச் சந்தையில் வாங்குகிற கருவாட்டைத் தவிர தேயிலைக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று புறப்படும்போது பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் இந்த உரை.

அந்தத் தீவு

கொச்சியில் விமானம் ஏறி, நாடு மாறி, ஓஸ்லோ போய், அங்கிருந்து வடக்கே துரோம்சோ நகரத்துக்குப் போனோம். அங்கே கடலோரக் கப்பல் ஒன்று நிற்கிறது. நம்மூரில் மலைப்பாதை பஸ் எப்படியோ அப்படி, அந்த நாட்டின் கரையோர ஊர்களுக்கு அந்தக் கப்பல். 1893-ஆம் ஆண்டிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. சாமான், ஆள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக நிற்கும். சாயங்காலம் ஏறிய நாங்கள் மறுநாள் முற்பகலில் இறங்கிய இடம் மாகரோயா என்ற தீவு. தீவின் பெரிய ஊர் ஹோன்னிங்ஸ்வோக். 2,000-க்குச் சற்று அதிகமான பேர் வாழ்கிறார்கள். நம் எஸ்டேட் ஒன்றின் சில டிவிஷன்களைச் சேர்த்தால் அந்த ஜனத்தொகை வந்துவிடும்.

அங்கே மரம் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. பாறை, புல், பனி, கடல் அவ்வளவுதான். மே மாதக் கடைசியில் போனோம். அந்தச் சமயத்தில் இரவு பன்னிரண்டு மணிக்கும் சூரியன் கடலுக்கு மேலே நிற்கிறது. மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அது மறைவதே இல்லை. அதற்கு வட்டி போட்டு வாங்குவதுபோல, நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரைக்கும் மேல் சூரியன் உதிப்பதே இல்லை. தைமாதப் பனியில் கொழுந்து கருகும்போது நாம் படுகிற பாட்டைப் பெரிதாக எண்ணியிருந்தோம். அங்கே இரண்டு மாத இருட்டில், உறைபனிக் காற்றில், படகேறிக் கடலுக்குப் போகிறார்கள்.

ஊரின் ஓரத்தில் மரச்சட்டங்களை நட்டு, காட் என்ற மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். உப்பும் கிடையாது, வெயிலும் அதிகம் கிடையாது. குளிர்ந்த காற்றிலேயே காய்ந்து கட்டையாகிவிடுகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் மீன்கூடத்துக்கு ஓடிவந்து, வெட்டி ஒதுக்கிய மீன் தலைகளிலிருந்து நாக்கை மட்டும் அறுத்து எடுக்கிறார்கள். அதை விற்றுவரும் காசு பிள்ளைகளுக்கே சொந்தமாம், பெற்றோர் தொடுவதில்லை. கேட்டுக்கொள்ளுங்கள் பிள்ளைகளே!

எரிந்த ஊரும் எழுந்த வீடும்

ஹோன்னிங்ஸ்வோக்கில் வெள்ளையடித்த சிறிய மரத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஊரில் போருக்கு முந்திய கட்டடம் அது ஒன்றுதான்.

1944-இல் ஹிட்லரின் படை ருஷ்யப் படைக்கு முன் பின்வாங்கியது. போகிறபோது, ஃபின்மார்க் என்ற அந்த மாவட்டம் முழுவதையும் தீயிட்டுப் போனது. வீடு, படகு, பாலம், மின்கம்பம் ஒன்றையும் விடவில்லை. ஏறத்தாழ 50,000 பேரைக் கட்டாயமாகத் தெற்கே ஏற்றி அனுப்பினார்கள். பல்லாயிரம் பேர் போக மறுத்து, குகைகளிலும் மண்குடிசைகளிலும் ஒளிந்து குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

1945-இல் போர் முடிந்தது. "இப்போது திரும்பாதீர்கள், தங்க இடமில்லை" என்று அரசாங்கம் தடுத்தது. மக்கள் கேட்கவில்லை, திரும்பி வந்தார்கள். சாம்பலுக்கு நடுவே நின்ற அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே படுத்தார்கள், சமைத்தார்கள், ஊரைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

இனிதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். 1946-இல் அந்த நாட்டு அரசாங்கம் வீட்டு வங்கி ஒன்றை நிறுவியது. சாதாரண உழைப்பாளிக்குக் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில், வீடு கட்டக் கடன் கொடுப்பதுதான் அதன் வேலை. ஃபின்மார்க்கில் எழுந்த வீடுகள் சில மாதிரிகளை வைத்துக் கட்டப்பட்டவை. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே அச்சில் வார்த்ததுபோல் வரிசையாக இருக்கின்றன. "நம்ம லயம் மாதிரி இருக்கே!" என்று எங்களோடு வந்த அக்கா சொல்லிவிட்டார். கிட்டப் போய் விசாரித்த பிறகுதான் வித்தியாசம் விளங்கியது. நம் லயம் வேலைக்குக் கட்டப்பட்டது. அந்த வீடு குடும்பத்துக்குக் கட்டப்பட்டது. மீன்கூடம் மூடினாலும், படகு மூழ்கினாலும், வேலைக்குப் போகிற வயது கடந்தாலும், வீட்டைக் காலி செய் என்று எந்த முதலாளியும் வந்து நிற்க முடியாது.

தோழர்களே, பெட்டிமுடியை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களில் 4 பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. தப்பிய குடும்பங்களுக்குக் குட்டியார்வேலியில் அரசு கொடுத்த நிலத்தில் 8 வீடுகள் கட்டித் தரப்பட்டன. அந்த வீடுகளை நாம் குறைசொல்லவில்லை. நாம் கேட்பது வேறு. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் உழைத்தவர்களுக்கு, தாங்கள் படுத்துறங்கிய மண்ணில் ஒரு சாண் நிலமாவது பட்டாவில் இருந்ததா? எங்கே வீடு கட்டுவது, எந்தச் சரிவு ஆபத்து என்று முடிவு செய்ய அவர்களுக்கு ஒரு வாய் இருந்ததா? சொந்த வீடு பெறுவதற்குப் பேரிடர் வந்து பிணம் விழ வேண்டுமா?

விலையை யார் சொல்வது?

அந்தத் தீவு மக்கள் ஆதியிலிருந்தே சுதந்திரமாக இருந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் கதையைக் கேட்டால் நம் கங்காணிக் காலத்துக் கதையாகவே இருக்கிறது.

பழைய காலத்தில் வடக்கு நார்வேயின் பல மீன்பிடித் துறைகள் ஒரு வியாபாரியின் கையில் இருந்தன. கரையில் நிலம் அவனுடையது, மீனவன் தங்கும் குடில் அவனுடையது, கடையும் அவனுடையது. வலைக்கும் மாவுக்கும் துணிக்கும் அவனே கடன் கொடுப்பான். மீனையும் அவனிடமே போட வேண்டும். விலையை அவன் சொல்வான். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் மீனவன் தலையில் கடன் மிஞ்சியிருக்கும். நம் முன்னோர் திருநெல்வேலியிலிருந்தும் மதுரை, இராமநாதபுரத்திலிருந்தும் கங்காணியின் முன்பணத்தில் மலையேறி, அந்த முன்பணத்தைக் கழிக்கவே ஆயுளைக் கழித்தார்களே, அதே கணக்குத்தான்.

அந்தப் பிடி தானாகத் தளரவில்லை. 1890-இல் லொபோத்தன் பகுதியில், நீராவிக் கப்பல்காரர்கள் ஒரு குடாவின் வாயை வலைபோட்டு மறித்து மீனையெல்லாம் தமக்கே என்றபோது, துடுப்புப் படகு மீனவர்கள் திரண்டு மோதி வழியைத் திறந்தார்கள். 1903-இல் ஃபின்மார்க்கின் மேஹாமன் ஊரில், கரையோரத் திமிங்கில வேட்டையால் மீன்வரத்து கெடுகிறது என்று முறையிட்டும் யாரும் செவிசாய்க்காததால், மீனவர்கள் திமிங்கிலத் தொழிற்சாலையையே பெயர்த்துப் போட்டார்கள். பட்டாளம் வந்தது. ஆனால் மறுவருஷமே அந்தக் கரையில் திமிங்கில வேட்டையைப் பத்து ஆண்டுகளுக்குத் தடைசெய்து சட்டமும் வந்தது. அதே 1903 தேர்தலில்தான் தொழிலாளர் கட்சி முதன்முதலாக அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. அப்படி நுழைந்தவர்கள் இந்த வடக்குக் கரையோர மக்கள் அனுப்பியவர்கள்.

1926-இல் நாடு தழுவிய மீனவர் சங்கம் உருவாயிற்று. 1938-இல் அவர்கள் பெற்றதுதான் பெரிய வெற்றி. கச்சா மீன் சட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். அதன் சாரம் இதுதான்: படகிலிருந்து இறங்கும் மீனின் முதல் விற்பனை, மீனவர்களுக்கே சொந்தமான விற்பனைச் சங்கத்தின் வழியாகத்தான் நடக்க வேண்டும். வியாபாரி தனியாக ஒரு மீனவனைப் பிடித்து அடிமாட்டு விலைக்கு வாங்க முடியாது. குறைந்தபட்ச விலையை வாங்குகிறவர்களோடு பேசிச் சங்கம் தீர்மானிக்கிறது. பேச்சு ஒத்துவராவிட்டால் சங்கமே விலையை நிர்ணயிக்கலாம். 2013-இல் சட்டத்தைப் புதுப்பித்தபோதும் இந்த உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. கூடவே இன்னொரு விதி: சில விலக்குகளைத் தவிர, கடலுக்குப் போய்த் தொழில் செய்கிறவர்தாம் மீன்பிடிப் படகுக்குச் சொந்தக்காரராக முடியும்.

துறைமுகத்தில் நின்று பார்த்தோம். ஒரு சின்னப் படகில் ஒரே ஒரு கிழவர் மீன் கொண்டுவந்தார். எடை போட்டார்கள், எழுதினார்கள், சீட்டைக் கொடுத்தார்கள். பேரமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. அன்றைய விலை என்ன என்பது எடை போடுகிறவனுக்கும் தெரியும், கிழவருக்கும் தெரியும். கொழுந்து நிறுவையில் நின்று, கழிவு எவ்வளவு போடுவார்களோ என்று முகத்தைப் பார்த்துப் பழகிய எங்கள் கண்ணுக்கு அது புதுமையாக இருந்தது.

நீண்டகரைக்கு வந்த நார்வே

இப்போது நம் கேரளத்துக்கு வருவோம். நார்வே நமக்குப் புதிய பெயரல்ல. 1952 அக்டோபரில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதன்படி 1953-இல் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வே திட்டம் ஆரம்பமாயிற்று. மோட்டார்ப் படகு கட்டும் பட்டறை வந்தது, ஐஸ் ஆலை வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, குடிநீர்க் குழாய் வந்தது. பிறகு கொச்சிக்கும் வேறு துறைகளுக்கும் பரவி, 1972 வரை திட்டம் நடந்தது.

வந்த நார்வேக்காரர்கள் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆஸ்பத்திரியும் குடிநீரும் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கும். ஆனால் தொழிலில் என்ன நடந்தது? இறாலுக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏறியது. பணம் புரண்டது. கடலில் கால் நனைக்காத முதலாளிகளும் விசைப்படகு வாங்கி இழுவலை போட்டார்கள். விசைப்படகு வாங்க முடிந்த மீனவர் சிலர் தழைத்தார்கள். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போன பெரும்பாலோரின் வலை காலியாயிற்று. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இரு தரப்புக்கும் கடலிலேயே சண்டை மூண்டது. பட்டினிப் போராட்டம், மறியல் என்று ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே 1988-இல் மழைக்கால இழுவலைத் தடை வந்தது.

ஏன் இப்படி? நார்வேயிலிருந்து படகு வந்தது, எந்திரம் வந்தது, ஐஸ் ஆலை வந்தது. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் வரவில்லை. விலை சொல்லும் உரிமையும், உழைக்கிறவனுக்கே படகு என்ற விதியும் கப்பலில் ஏறவில்லை. அவற்றைத் தானமாகக் கொடுக்கவும் முடியாது. அந்த மக்கள் இரண்டு தலைமுறை போராடிப் பெற்றவை அவை.

அதற்குச் சாட்சியும் பக்கத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம், கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமங்களில் எழுபதுகள் தொட்டு மீனவர்கள் தாங்களே சங்கம் வைத்து, கரையில் நடக்கும் முதல் ஏலத்தைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தார்கள். 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது. சங்கம் கூடிய இடத்தில் உரிமை வந்தது.

மீன்கூடத்தில் தமிழ்க் கைகள்

எங்களை அழைத்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்கலாமா? யாழ்ப்பாணத்துக்கும் நார்வேக்கும் பழைய தொடர்பு உண்டு. ஐம்பதுகளில் நார்வே சென்ற அந்தோனி ராசேந்திரம் என்ற தமிழர், அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்று, அந்நாட்டு மக்களிடம் உதவி திரட்டி, அறுபதுகளின் பிற்பகுதியில் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். காரைநகர்த் தீவில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை என அது வளர்ந்தது. அந்த வழியில் சில இளைஞர்கள் நார்வேக்குப் படிக்கப் போனார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு உயிர் தப்பினால் போதும் என்று பலர் போனார்கள்.

அந்தச் சமயத்தில் ஃபின்மார்க் கரையின் மீன்கூடங்களில் ஆள் பற்றாக்குறை. உள்ளூர்ப் பிள்ளைகள் படித்துவிட்டுத் தெற்கே போய்விட்டார்கள். பனியைக் கண்ணால் கண்டிராத யாழ்ப்பாணத்து ஆசிரியரும் கமக்காரரும் மாணவரும் ரப்பர் பூட்சும் வெள்ளைக் கோட்டும் போட்டுக்கொண்டு கத்தி பிடித்தார்கள்.

மீன்கூடத்துக்குள் எங்களைக் கூட்டிப்போனார்கள். எந்திர இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. காதுக்கு மூடி உண்டு. தரையெல்லாம் தண்ணீர், கையெல்லாம் குளிர். ஓடும் பட்டையில் வருகிற மீன்துண்டில் முள்ளையும் புழுவையும் நொடியில் நீக்கித் தள்ள வேண்டும். அன்று மாலை எங்களுக்குச் சோறு போட்ட அக்கா, பல வருஷம் அந்த வரிசையில் நின்றவர். விரல் மரத்துப்போய், மணிக்கட்டில் வலி நிரந்தரமாகிவிட்டது என்றார். எங்கள் பெண்கள் கொழுந்துக் கறை ஏறிய தங்கள் விரல்களை அவர் விரல்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அதற்குமேல் இரண்டு தரப்புக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த அக்கா சொன்ன இன்னொரு செய்தியை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும். தமிழர் பலர் பிள்ளைகளின் படிப்புக்காகவும், நம்மவர் கூடி வாழவும் ஓஸ்லோ போன்ற நகரங்களுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் விட்ட இடத்தில் லித்துவேனியா, போலந்து, ருமேனியா போன்ற நாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். புதிதாக வந்தவர்களுக்குச் சில இடங்களில் குறைந்த கூலி கொடுக்கப் பார்த்தார்கள். தொழிற்சங்கங்கள் என்ன செய்தன? வந்தவனை விரட்டு என்று சொல்லவில்லை. வந்தவனுக்கும் ஒப்பந்தக் கூலிக்குக் குறையாமல் கொடு என்றன. அந்நாட்டில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. ஆனாலும் 2015 பிப்ரவரி முதல், மீன் பதப்படுத்தும் தொழிலில் சங்கம் பேசிய அடிமட்டக் கூலி, சங்கத்தில் சேராதவருக்கும் நேற்று வந்து இறங்கியவருக்கும் சட்டப்படி கட்டாயமாயிற்று. வந்தவன் கூலி விழுந்தால் இருந்தவன் கூலியும் விழும் என்பதை அவர்கள் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

அதுவும் சொர்க்கமல்ல

கண்டதில் பாதியை மறைத்துப் பேசினால் அது துரோகம். ஆகையால் இதையும் சொல்கிறோம்.

1989-இல் காட் மீன் குறைந்துபோய், ஏப்ரலில் கரையோர மீன்பிடிப்பை நிறுத்த வேண்டி வந்தது. அடுத்த ஆண்டு முதல் படகு ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு மீன் என்று அளவு ஒதுக்கினார்கள். மீனைக் காப்பாற்ற வந்த அந்த ஒதுக்கீடு, நாளடைவில் படகோடு கைமாறும் சொத்தாகிவிட்டது. பணமுள்ளவர் வாங்கிச் சேர்த்தார்கள். சிறிய ஊர்களின் துறைகள் வெறிச்சோடின. 2020-இல் அந்நாட்டின் தலைமைக் கணக்காய்வு அலுவலகமே இந்தப் போக்கைக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. மீனை உறையவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கே குறைந்த கூலிக்கு வெட்டுகிறார்கள். அதனால் மூடிய மீன்கூடங்கள் பல. விலை சொல்லும் உரிமையைக் காத்தவர்கள், மீன் யாருக்கு என்ற கேள்வியில் சறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, அந்த மண்ணின் ஆதிகுடிகளான சாமி மக்கள். கோடையில் அவர்களுடைய கலைமான் மந்தைகள் அந்தத் தீவில் மேய்வதைப் பார்த்தோம். அவர்களின் மொழியைப் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்தி, நார்வேக்காரர்களாக மாற்ற ஒரு நூற்றாண்டுக்குமேல் முயன்றார்கள். 1989-இல் சாமி மக்களுக்கென ஒரு மன்றம் திறக்கப்பட்டது. 1997-இல் மன்னரே மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்தபோது, பல வீடுகளில் தாத்தாவோடு அவர் மொழியில் பேசப் பேரப்பிள்ளை இல்லை. தமிழ்ப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று இங்கே பேசும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் என்ன செய்யப்போகிறோம்?

நமக்கு மீன் கிடையாது. நாம் விற்பது உழைப்பு. கூலிதான் நாம் இறக்குகிற மீன். அதற்கு விலை சொல்வது யார்?

தேயிலை ஏலத்தில் விலை வீழ்ந்தது என்கிறார்கள், அதனால் கூலி கூட்ட முடியாது என்கிறார்கள். விலை ஏறிய வருஷத்தில் அந்தப் பேச்சையே காணோம். 2005-இல் நிர்வாகம் மாறியபோது தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். நாமும் பங்குதாரர் என்று மகிழ்ந்தோம். பத்தே ஆண்டில், 2015 செப்டம்பரில், போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்தபோது, அந்தப் பங்குதாரர்கள்தாம் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். பங்குப் பத்திரம் பெட்டியில் கிடந்தது. விலை சொல்லும் வாய் அதில் இல்லை. நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் விடாமல், ஒன்பது நாள் உட்கார்ந்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். அன்று நாள் கூலி 232 ரூபாய். பெம்பிளை ஒருமை என்ற பெயரை உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண்கள் செய்தது என்ன? முதன்முறையாக, நம் உழைப்பின் விலையை நாமே சொன்னார்கள்.

ஆனால் தோழர்களே, ஒன்பது நாள் எழுச்சி வேறு, ஆண்டாண்டுக்கும் நிற்கிற உரிமை வேறு. மேஹாமன் கலகத்துக்கும் 1938 சட்டத்துக்கும் நடுவே 35 ஆண்டுகள் ஓடின. அந்த 35 ஆண்டும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கணக்கு எழுதினார்கள், சங்கம் கட்டினார்கள், நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பினார்கள். 2015-க்குப் பிறகு நாம் என்ன கட்டினோம் என்று ஒவ்வொருவரும் மனசைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், வேலை செய்கிறவருக்குக் குடியிருப்புக் கொடுக்கும் கடமையை நிர்வாகத்தின்மேல் வைத்தது. அன்றைக்கு அது பெரிய உரிமை. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்ட வீடு. 58 வயதில் ஓய்வு, ஓய்வோடு வீடும் போகும். வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளைப் பெரட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கின்றன. ஒரு வீட்டுக்காக ஒரு தலைமுறையை அடமானம் வைக்கிறோம். தமிழ்நாட்டில் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்கிற இடத்தில் நம்மில் பலருக்கு மண்ணும் இல்லை, மனுஷரும் இல்லை. இங்கே பட்டா இல்லை. ஓய்வுபெற்ற அன்று எங்கே போவது?

மூன்றாவது, புதிதாக வந்தவர்கள். ஜார்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக இடுக்கித் தோட்டங்களுக்கு ஆட்கள் வருகிறார்கள். "இந்திக்காரன் வந்து நம் வேலையைக் கெடுக்கிறான்" என்று நம்மில் சிலரே பேசுகிறோம். நம் பூட்டன் மலையேறி வந்தபோது அவனைப் பற்றியும் இப்படித்தான் பேசியிருப்பார்கள். வந்த குடும்பத்துக்கு நம் கூலிக்குக் குறைந்தால் அது நம் கூலிக்கு வைத்த வேட்டு. அவர்களைக் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். இந்தி தெரிந்த நம் பிள்ளைகள் அந்த வேலையை ஏற்க வேண்டும்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறோம்.

ஒன்று. லயத்துக்கு ஒரு நோட்டு. இன்னும் ஐந்து ஆண்டுகளில் ஓய்வு பெறப்போகிறவர் யார், அவருக்கு இரண்டு மாநிலத்திலும் எங்கேயாவது நிலமோ வீடோ உண்டா என்று எழுத வேண்டும். பெயர் வெளியே போகாது. எண்ணிக்கையை மட்டும் நம் இதழில் அச்சிடுவோம். எத்தனை குடும்பம் வீடில்லாமல் நிற்கப்போகிறது என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கத்தின் வீட்டுத் திட்டங்களையும் நில ஒதுக்கீட்டையும் கேட்போம். கணக்கில்லாத கோரிக்கைக்குக் காது கிடைக்காது.

இரண்டு. கூலி ஒப்பந்தப் பேச்சு நடக்கும்போது, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தமிழில் எழுதி, பெரட்டுக் களத்தில் வாசித்த பிறகுதான் கையெழுத்து என்று எல்லாச் சங்கங்களையும் வற்புறுத்த வேண்டும். கொடி எதுவானாலும் சரி.

மூன்று. அடுத்த குடும்பக் கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் வடமாநிலக் குடும்பம் ஒன்றையாவது அழைத்து வர வேண்டும்.

இந்த மூன்றுக்கும் நார்வேயிலிருந்து பணமோ படகோ வேண்டாம். நோட்டுப் புத்தகமும் பேனாவும் நம் பிள்ளைகளின் பையிலேயே இருக்கின்றன. நோட்டை யார் யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று இப்போதே கையை உயர்த்துங்கள், பெயரை எழுதிக்கொள்கிறோம்.